குறிப்புக் கட்டம்

காலை எட்டரைக்கு மழைமானியைத் திறக்கிறேன்.
ஒரு சில்வர் ஓக் சருகு,
செத்த கட்டெறும்பு இரண்டு.
பதிவேட்டில் எழுத: பூஜ்யம்.
பங்குனி இருபத்தாறு. நாகலூர்ப் பக்கம்,
மூன்றாம் பிளாக்கின் மேல்விளிம்பு.

காப்பிச் செடிக்கு இப்போது வேண்டியது ஓர் அங்குலம்.
அதுவும் ஒரே மாலையில்.
போன செவ்வாய் எட்டு மில்லிமீட்டர் பெய்தது.
எட்டு கொடுமையான எண்.
மொட்டை எழுப்பும், மலரவிடாது.
பாதி விரிந்து பச்சையாய் விறைத்து நிற்கிறது பூ,
கதவைத் திறந்துவிட்டு
வந்தவர் யாரென்று மறந்துபோன வீடு மாதிரி.

"யாரு குத்தம்?" என்கிறாள் சடைச்சி,
மிளகுக்கொடியை ஒதுக்கிக்கொண்டே.

அவள் கடல் பார்த்ததில்லை.
நான் பார்த்தேன், ஒரே முறை,
கடலூரில், கல்யாணமான வாரம்,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
அந்தக் கடல்கூட இல்லை நான் சொல்ல நினைத்தது.

பூமியின் மறுமுதுகில், பெரு நாட்டுக் கரையோரம்,
காற்று மேல்நீரை மேற்கே தள்ளத் தள்ள
அடியிலிருந்து குளிர்நீர் ஏறி வரும்.
காற்றின் கை சளைக்கும் வருடம்
தள்ளிவைத்த வெந்நீர் திரும்பி நடக்கிறது,
மாதக்கணக்கில், ஒரு பெருங்கடலின் அகலம்.
நெத்திலிக் கூட்டம் கலைகிறது.
மேகம் குடி பெயர்கிறது.
சேர்வராயன் மலைக்கு ஆடியில் வரவேண்டிய மழை
வழியிலேயே யாருக்கோ கைமாறிவிடுகிறது.

இந்தப் பங்குனிக்கும் அந்த நீருக்கும்
நேர்க்கோடு போட முடியாது. அதுவும் தெரியும்.

ஏனென்றால் பழைய பதிவேடு ஒன்றில்
ஆடி காய்ந்த அதே வருடம்
ஐப்பசி நிரம்பி வழிந்திருக்கிறது.
ஆப்பிரிக்கக் கரையோரம் கடல் சூடேறி,
இங்கே கொண்டையூசி வளைவில் மண் சரிந்து,
சேலம் பஸ் இரண்டு நாள் மேலே வரவில்லை.
எடுத்ததும் கொடுத்ததும் ஒரே கணக்குப்பிள்ளையோ என்னவோ.
கையெழுத்து மட்டும் புரிவதில்லை.

வடக்கே, பனிக்கரையில்,
உப்பேறிக் கனத்து மூழ்கும் நீர்
மறுபடி வெளிச்சம் பார்க்க ஆயிரம் ஆண்டு ஆகலாமாம்.
எந்த ராஜா காலத்துக் குளிரோ
இன்றைக்குத்தான் எங்கேயோ மேலேறுகிறது.
என் பதிவேடு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும்.
கடலுக்கு நிதியாண்டு கிடையாது.

கீழே சேலத்தில் மேக்னசைட் சூளை விட்ட சூடு,
எங்கள் பல்பர் இயந்திரம் குடித்த டீசல்,
எல்லா ஊரின் எல்லாப் புகையும் சேர்த்த சூட்டில்
பெரும்பங்கைக் கடல்தான் வாங்கி வைத்திருக்கிறது,
வட்டி கேட்காமல்.
கேட்காது என்றுதான் நினைத்திருந்தோம்.

சடைச்சிக்கு இதில் கால்வாசி சொன்னேன்.
"அப்ப தண்ணிக்கும் நம்மள மாதிரி
நடந்து நடந்துதான் பொழப்பு" என்று
அடுத்த கொடிக்குப் போனாள்.

பதிவேட்டில் நீளமான கட்டம் ஒன்று உண்டு: குறிப்பு.
பதினோரு வருடத்தில் ஒரே ஒரு தடவை நிரப்பினேன்,
'மானிக்குள் பல்லி' என்று.
இன்று எழுதினேன்:
கடலிடம் விசாரிக்கவும்.

மதியம் இன்னாசி சார் வந்தார்.
மேனேஜர். சிவப்புப் பேனா.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ரொம்ப நேரம் அந்த வரியைப் பார்த்தார்.
திட்டுவார் என்று இருந்தேன்.
"எந்தக் கடல்?" என்றார்.

உடனே சொல்ல வரவில்லை எனக்கு.

நாலு மணிக்கு மஞ்சக்குட்டைப் பக்கம் ஓர் உறுமல்.
இடியா, லாரியா, தெரியவில்லை.
எறும்புகளைத் தட்டிவிட்டு
புனலைத் துடைத்து
மானியை மூடினேன்.